பென்டிரைவ் மலிவுதானே என்பவர்களுக்கு

இயங்குதள நிறுவல் கோப்புகளின் அளவைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் மூன்றாவது நிமிடத்தில் ஒருவர் வந்துவிடுவார். "பென்டிரைவ் என்ன விலைங்க இப்போ? 32 ஜிபி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குது. இதுக்கெல்லாம் ஒரு பேச்சா?" என்பார். சொல்பவர் பெரும்பாலும் என் தொழில்காரர். மேசை இழுப்பறையில் ஏழெட்டு பென்டிரைவ்கள் கிடக்கும், வீட்டில் ஃபைபர் இணைப்பு இருக்கும், கணினி வாங்கி மூன்று வருடம்கூட ஆகியிருக்காது. அவருக்கு ஓர் இயங்குதளத்தின் அளவு என்பது தரவிறக்கப் பட்டை ஓடி முடிக்கிற நாலைந்து நிமிடம், அவ்வளவுதான்.

அந்த ஒரு வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை. பென்டிரைவின் விலை இந்த விவகாரத்தின் மிகச் சிறிய பகுதி. ஒரு நிறுவல் கோப்பைக் கட்டும்போது அதைச் செய்கிறவர்கள் தங்கள் பயனர் யார், யார் இல்லை என்று முடிவெடுக்கிறார்கள். முன்பு அதை உட்கார்ந்து பேசி முடிவெடுத்தார்கள். இப்போது யாரும் முடிவெடுப்பதில்லை, அதுவாக நடக்கிறது. என் கோபம் அதன் மேல்தான்.

கணினியில் ஓடும் மற்ற மென்பொருளுக்கெல்லாம் கீழே தாங்கிப் பிடிக்க ஓர் இயங்குதளம் இருக்கிறது. நிறுவல் ஊடகத்துக்கு அப்படி யாரும் இல்லை. வெறும் இயந்திரத்துக்குள் முதலில் நுழையும் ஆள் அதுதான். பழைய பயாஸ் வட்டின் முதல் 512 பைட்டைப் படிக்கும். அதில் நிரலுக்கு மிஞ்சுவது 446 பைட். மூன்று குறுஞ்செய்தி நீளம்கூட இல்லை. அந்த இடுக்கில் ஆரம்பித்துத்தான் முழு இயங்குதளத்தையும் உள்ளே இழுத்து வர வேண்டும். குறுந்தகட்டிலிருந்து கணினியைக் கிளப்ப 1995-இல் பீனிக்ஸ், ஐபிஎம் நிறுவனத்தார் சேர்ந்து ஒரு முறை வகுத்தார்கள். அதன் பெயர் எல் டொரிட்டோ, ஒரு மெக்சிகன் உணவகத்தின் பெயர். (நம் ஊரில் வகுத்திருந்தால் ஏதாவது பவன் என்று பெயர் வந்திருக்கும்.) அந்த முறையின் முக்கியமான தந்திரம் என்ன தெரியுமா? குறுந்தகட்டுக்குள்ளே ஒரு ஃபிளாப்பியின் பிம்பத்தை வைத்து, "நான் ஃபிளாப்பிதான்" என்று பயாஸிடம் பொய் சொல்வது. பிறகு பென்டிரைவ் வந்தது. ஒரே ஐஎஸ்ஓ கோப்பு குறுந்தகடாகவும் வன்வட்டாகவும் நடிக்க ஐசோஹைப்ரிட் வந்தது. அதன் பிறகு யூஇஎஃப்ஐ வந்தது, அதற்கும் ஒரு வேஷம் சேர்ந்தது. இன்றைய லினக்ஸ் ஐஎஸ்ஓ ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் மூன்று நான்கு தலைமுறைக் கணினிகளுக்கான முகங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டியிருக்கும். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் எந்தக் கணினி வந்தாலும் வாசலில் நிற்க விடக் கூடாது என்று பாடுபட்டவர்களின் கைவேலை அது.

அந்தப் பாடு ஏன் நின்றது என்பதற்கு உபுண்டுவின் கதையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 2004 அக்டோபரில் முதல் பதிப்பு வந்ததிலிருந்து எட்டு வருடம் அதற்கு ஓர் எல்லை இருந்தது: ஒரு குறுந்தகடு, 700 எம்பி. அதற்கு முன்பே கிளாஸ் க்னாப்பர் தன் க்னாப்பிக்ஸில் ஏறக்குறைய இரண்டு ஜிபி மென்பொருளைச் சுருக்கி ஒரே தகட்டில் அடைத்துக் காட்டியிருந்தார். உபுண்டுவில் புதிதாக ஒன்று உள்ளே வர வேண்டுமென்றால் இருப்பது ஒன்று வெளியே போக வேண்டும். 10.04 பதிப்பில் கிம்ப் போனது. படம் திருத்துகிறவர்கள் கத்தினார்கள். எந்த மொழிப் பொதி இருக்கலாம், எது இணையத்திலிருந்து வரட்டும் என்று ஒவ்வொரு பதிப்புக்கும் பஞ்சாயத்து. வெளியிலிருந்து பார்த்தால் சின்னத்தனமாகத் தெரியும். உண்மையில் அது ஒரு திட்டத்துக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல சண்டை. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இது புரியும். பணம் எண்ணி வருகிற வீட்டில்தான் எது தேவை, எது ஆசை என்ற பேச்சே எழும்.

அந்த 700 எம்பிக்கு இன்னொரு முகமும் இருந்தது. ஷிப்இட் என்று ஒரு திட்டம். முகவரி கொடுத்தால் உலகின் எந்த மூலைக்கும் குறுந்தகட்டை இலவசமாக அனுப்புவார்கள். 2005 முதல் 2011 வரை அது நடந்தது. எங்கள் பொறியியல் கல்லூரி விடுதியில் லினக்ஸ் நுழைந்தது அந்த உறை வழியாகத்தான். விடுதியில் இணையம் என்று சொல்லிக்கொள்ள ஒன்று இருந்தது, அதில் 700 எம்பி இறக்க ஒரு வாரம் ஆகும். தகடு கைமாறிக் கைமாறிக் கீறல் விழுந்து, கடைசியில் யாரோ அதன் மேல் டீ டம்ளரை வைத்திருந்தார்கள். அப்போதும் அது கிளம்பியது.

2012 அக்டோபரில் வந்த 12.10 பதிப்பு 800 எம்பி. எல்லை உடைந்தது. சொன்ன காரணத்தில் நியாயம் இல்லாமலில்லை. எல்லாரிடமும் டிவிடி இருக்கிறது, பென்டிரைவ் இருக்கிறது, எதற்கு 100 எம்பிக்காக அடித்துக்கொள்ள வேண்டும்? சரி. ஆனால் 700-ஐ எடுத்தவர்கள் அந்த இடத்தில் வேறோர் எண்ணை எழுதி, அதன் மேல் சண்டை போடவில்லை. அதன் பிறகு நடந்ததைப் பாருங்கள். 14.04 ஏறக்குறைய ஒரு ஜிபி. 18.04 இரண்டு ஜிபியை நெருங்கியது. 22.04 மூன்றரை ஜிபி அளவு. 24.04 ஐந்தரை ஜிபியைத் தாண்டிவிட்டது, அதாவது 4.7 ஜிபி டிவிடியிலும் கொள்ளாது. டிவிடியைக் கைவிடுவதென்று உட்கார்ந்து பேசி அந்த எல்லையைத் தாண்டியதாகத் தெரியவில்லை. தண்ணீர் மெல்ல ஏறி வாசற்படியைத் தாண்டுவதுபோல ஏறிவிட்டது.

உள்ளே என்ன இருக்கிறது? என்விடியா வரைகலை அட்டைகளுக்கான டிரைவர்கள் இருக்கின்றன, ஆயிரக்கணக்கான சாதனங்களுக்கான ஃபர்ம்வேர் இருக்கிறது. தன் சார்புகளையும் தானே தூக்கிக்கொண்டு வரும் ஸ்னாப் பொதிகள் இருக்கின்றன. உலாவி ஒரு ஸ்னாப், செயலிக் கடை ஒரு ஸ்னாப், அவற்றுக்குக் கீழே வேண்டிய அடித்தளம் இன்னொரு ஸ்னாப். அப்புறம் மொழி அடுக்குகள். தனித்தனியாகக் கேட்டால் எல்லாவற்றுக்கும் நியாயம் சொல்லலாம். இவற்றில் எது யாருக்காக என்று கேட்கும் இடம்தான் இல்லை.

இப்போது அந்த 'பென்டிரைவ் மலிவுதானே' நண்பரிடம் ஒரு கணக்கு. நம் ஊரில் பெரும்பாலானவர்களுக்கு இணையம் என்றால் கைபேசியின் தினசரி டேட்டா. நாளுக்கு 1.5 ஜிபி, அல்லது 2 ஜிபி. ஆறு ஜிபியை நெருங்கும் ஒரு கோப்பு என்பது நான்கு நாள் டேட்டா, அந்த நான்கு நாளும் வீட்டில் வேறு யாரும் எதையும் தொடாமல் இருந்தால். இடையில் அறுந்தால் உலாவித் தரவிறக்கம் பல நேரம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். டொரண்ட் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. முதல்முறை லினக்ஸ் போட முயலும் பிள்ளைக்கு டொரண்ட் என்றால் திருட்டுப் படம்.

இங்கே நானே ஒரு குறுக்குக் கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். சின்னதாக இருந்தால் போதுமா? போதாது. பல வருடம் டெபியனின் அதிகாரப்பூர்வ நிறுவல் கோப்பு சின்னதாகவும் கொள்கைச் சுத்தமாகவும் இருந்தது. மூலநிரல் திறக்காத ஃபர்ம்வேர் எதையும் உள்ளே விடமாட்டார்கள். விளைவு என்ன? மடிக்கணினியில் போட்டால் வைஃபை வேலை செய்யாது. வைஃபைக்கு வேண்டிய ஃபர்ம்வேரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும். கயிறு கிணற்றுக்குள், வாளி வெளியே. ஃபர்ம்வேர் சேர்த்த கோப்பும் அவர்களிடமே இருந்தது, ஆனால் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். 2022-இல் வாக்கெடுப்பு நடத்தி இதை மாற்றினார்கள். 2023-இல் வந்த டெபியன் 12 ஃபர்ம்வேரோடு வந்தது. கோப்பு பெருத்தது. அந்தப் பெருக்கத்தை நான் வரவேற்கிறேன். ஒவ்வொரு எம்பிக்கும் ஒரு மடிக்கணினி உள்ளே வந்தது. அதேபோல 'நெட் இன்ஸ்டால்' என்று சிறிய கோப்பைக் கொடுத்துவிட்டு மீதி ஒரு ஜிபியையோ இரண்டையோ நிறுவும்போது இழுத்துக்கொள்வதைச் சிறியது என்று நான் எண்ண மாட்டேன். பில்லைப் பிரித்து நீட்டினால் தொகை குறைந்துவிடாது. டெபியனிடம் எனக்குப் பிடித்தது, அவர்கள் பேசி, எதிர்த்து, வாக்குப் போட்டு முடிவெடுத்தார்கள் என்பது.

விண்டோஸ் பக்கம் வருவோம். அங்கே நடப்பது வேறு வகை கூத்து.

யூஇஎஃப்ஐ விதிப்படி எல்லாக் கணினியும் கட்டாயம் படிக்க வேண்டிய கோப்பு முறைமை ஃபேட் குடும்பம்தான். என்டிஎஃப்எஸ் படிப்பது கணினி செய்தவரின் விருப்பம். ஃபேட்32-இல் ஒரு கோப்பின் அளவை 32 பிட்டில் எழுதுகிறார்கள். ஆகவே ஒரு கோப்பு அதிகபட்சம் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295 பைட், அதாவது நான்கு ஜிபிக்கு ஒரு பைட் குறைவு. மைக்ரோசாஃப்ட் தரும் விண்டோஸ் ஐஎஸ்ஓவைத் திறந்தால் உள்ளே இன்ஸ்டால்.விம் என்று ஒரே கோப்பு நான்கு ஜிபிக்கு மேல் இருக்கிறது. ஃபேட்32 அவர்களுடைய முறைமை. விண்டோஸும் அவர்களுடையது. ஒன்றுக்குள் மற்றது போகாது.

தெரிந்த ஆசிரியர் ஒருவர், சிறு நகரம் ஒன்றில் பள்ளிக் கணினி அறையைத் தனியாளாகப் பார்த்துக்கொள்பவர், ஒரு மாலை அழைத்தார். "தம்பி, 32 ஜிபி பென்டிரைவ். காலியாத்தான் இருக்கு. ஃபைல் ரொம்பப் பெருசு, போகாதுங்குது. அஞ்சு ஜிபி 32 ஜிபிக்குள்ள போகாதா, இது எந்த ஊர் கணக்கு?" அவர் சும்மா இருக்கவில்லை. கடைக்காரப் பையனைக் கேட்டு என்டிஎஃப்எஸ்ஸாக ஃபார்மட் அடித்துப் பார்த்திருக்கிறார். நகல் ஆகிவிட்டது. ஆனால் அந்தக் கணினிகள் பென்டிரைவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு நாள் போயிருந்தது. பென்டிரைவ் கெட்டுவிட்டது என்று புதிதாக ஒன்று வேறு வாங்கியிருந்தார். மலிவுதானே!

அவரிடம் ரூஃபஸைப் பயன்படுத்தச் சொன்னேன். பீட் படார்ட் என்ற நிரலாளர் இலவசமாகக் கொடுக்கும் மென்பொருள் அது. பென்டிரைவில் ஒரு எம்பி அளவுக்கு ஒரு குட்டி ஃபேட் பகுதியை உண்டாக்கி, அதிலிருந்து என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்கும் டிரைவரை ஏற்றி, பக்கத்துப் பகுதியிலுள்ள விண்டோஸைக் கிளப்புகிறது. அருமையான வேலை. ஆனால் உலகின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்றின் விடுபடலை வெளியாள் ஒருவர் இலவசமாக அடைத்துக்கொண்டிருக்கிறார் என்பதும் உண்மை. மைக்ரோசாஃப்டுக்குத் தெரியாதா? தெரியும். அவர்களுடைய மீடியா கிரியேஷன் டூல் வழியாகச் செய்தால் கூடுதலாகச் சுருக்கிய வேறொரு கோப்பை வைத்து ஃபேட்32-க்குள் அடக்கிவிடுகிறார்கள். அந்தக் கருவி விண்டோஸில்தான் ஓடும். கணினி படுத்துவிட்டவர் வேறு விண்டோஸ் கணினிக்கு எங்கே போவார்? விம் கோப்பை 3800 எம்பித் துண்டுகளாக வெட்டும் கட்டளையும் அவர்களுடைய ஆவணத்திலேயே இருக்கிறது, ஒரே வரி. நிறுவியும் துண்டுகளை ஏற்றுக்கொள்ளும். ஐஎஸ்ஓவை வெளியிடும் முன் அவர்களே ஒருமுறை அந்தக் கட்டளையை ஓட்டிவிட்டால் முடிந்தது.

எல்லைகள் எப்படிப் பிறக்கின்றன என்பதற்கு ஒரு கிளைக்கதை. விண்டோஸின் ஃபார்மட் சாளரம் 32 ஜிபிக்கு மேற்பட்ட எதையும் ஃபேட்32 ஆக்க மறுக்கும். ஃபேட்32-இன் இயல்பில் அப்படி ஒரு தடை இல்லை. அந்தச் சாளரத்தை எழுதிய டேவ் பிளம்மரே பின்னாளில் சொன்னார்: தொண்ணூறுகளின் நடுவில், வேறு நல்லது வரும்வரை இருக்கட்டும் என்று அவர் எழுதியது அது, 32 என்பதும் அன்று அவர் தேர்ந்த எண். தளர்வு 2024 ஆகஸ்டில்தான் வந்தது, அதுவும் சோதனைப் பதிப்பில், கட்டளை வரியில் மட்டும். முப்பது வருடமாக உலகம் முழுக்கப் பேர் அந்தச் சுவரில் முட்டிக்கொண்டிருந்தார்கள்.

அளவு ஒரு வாசல் என்றால் பொருத்தம் இன்னொன்று. பென்டிரைவில் ஏறிவிட்டது, கணினியும் கிளம்பிவிட்டது, ஆனால் நிறுவி மறுக்கிறது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 வேண்டும், பொதுவாக இன்டெலின் எட்டாம் தலைமுறைச் செயலி வேண்டும். ஏழாம் தலைமுறைக்கு இடமில்லை. ஆனால் ஏழாம் தலைமுறையில் 7820எச்க்யூ என்ற செயலிக்கு 2021 ஆகஸ்டில், சில மாதிரிகளுக்கு மட்டும் என்று விலக்கு வந்தது. மைக்ரோசாஃப்டே அப்போது விற்றுக்கொண்டிருந்த சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2-இல் இருந்தது அந்தச் செயலி. பாதுகாப்புக்காகத்தான் இந்த நிபந்தனை என்று எனக்கு விளக்க வருகிறவர்கள் இதற்கு ஒரு பதில் கொண்டுவர வேண்டும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. ஓடிக்கொண்டிருக்கும் கணினிகள் அன்றைக்கு ஒரே நாளில் கிழடாகிவிட்டன.

தமிழக அரசு 2011-இலிருந்து மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளை நினைத்துப் பாருங்கள். தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் நினைவகம் 2 ஜிபி. அவற்றில் இன்னும் ஓடுபவை கிராமத்து வீடுகளில், தம்பி தங்கைகளின் கையில் இருக்கின்றன. விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜிபி. உபுண்டு 24.04 மேசைப் பதிப்புக்கும் 4 ஜிபி கேட்கிறார்கள். செயலி 64 பிட்தான், திரை நன்றாக இருக்கிறது, விசைப்பலகையில் இரண்டு எழுத்து வேலை செய்யாது, அவ்வளவுதான். இவற்றுக்குப் பொருந்தும் சிறிய லினக்ஸ்கள் உண்டு. ஆனால் பெயர் தெரிந்த எந்தத் தரவிறக்கப் பக்கமும் அங்கே போகச் சொல்லி வழிகாட்டுவதில்லை.

இன்னொரு பிரிவினர் 2014 வாக்கில் வந்த மலிவு ஆட்டம் மடிக்கணினி, டேப்லட்காரர்கள். செயலி 64 பிட், ஆனால் யூஇஎஃப்ஐ 32 பிட். 64 பிட் நிறுவல் ஊடகத்தில் பூட்ஐஏ32 என்ற சின்னக் கோப்பு ஒன்று இல்லாவிட்டால் கிளம்பவே கிளம்பாது. டெபியன் 2015-இல் இதைச் சமாளித்துக்கொடுத்தது. வேறு பல பகிர்மானங்கள் கண்டுகொள்ளவில்லை. பல ஜிபி கோப்பில் சில எம்பிகூட வராத ஒன்றுக்கு இடமில்லாமல் போகவில்லை. அந்தக் கணினியை வைத்திருப்பவர் யாருடைய கண்ணிலும் படவில்லை, அவ்வளவுதான்.

செக்யூர் பூட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2023-இல் பிளாக்லோட்டஸ் என்ற தீநிரல் பழைய, கையொப்பமிட்ட துவக்க நிரல்களின் ஓட்டையைப் பயன்படுத்திக் கணினிகளுக்குள் நுழைவது வெளிவந்தது. அத்தகைய நிரல்களைத் தடைப்பட்டியலில் சேர்க்கத்தான் வேண்டும். சேர்த்தால் இழுப்பறையில் பத்திரமாக வைத்திருந்த பழைய நிறுவல் பென்டிரைவ் கிளம்பாது. 2024 ஆகஸ்டில் விண்டோஸ் மேம்பாடு ஒன்று வந்தபோது, இரட்டை இயங்குதளம் வைத்திருந்தவர்களின் லினக்ஸும் பழைய லினக்ஸ் பென்டிரைவ்களும் 'பாதுகாப்புக் கொள்கை மீறல்' என்று ஒரு வரி காட்டிவிட்டு அணைந்தன. என்ன மீறினோம் என்று அந்த வரி சொல்லவில்லை. இதற்கு நடுவே 2011-இல் கொடுத்த சான்றிதழ்களின் காலம் 2026 ஜூன் முதல் முடிகிறது. புதிய சான்றிதழில் மட்டும் கையொப்பமிட்ட ஊடகத்தை, தயாரிப்பாளர் கைகழுவிய பழைய கணினி ஏற்காது. பாதுகாப்பு தேவை என்பதை நான் மறுக்கவில்லை. சாவியை மாற்றுகிறவர்கள் வாடகைக்கு இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்கிறேன்.

எதிர்த்தரப்பில் எனக்கு மரியாதை உள்ள வாதம் ஒன்றே ஒன்று: தன்னார்வலர்களின் உழைப்பு. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, 32 பிட் பிசிகளுக்கான நிறுவியை நிறுத்திவிட்டது. சோதித்துப் பார்க்கக் கணினியும் இல்லை, ஆளும் இல்லை என்றால் என்ன செய்வார்கள்? சம்பளம் வாங்காதவர்களிடம் இன்னும் ஐந்து வருடம் தாங்குங்கள் என்று கேட்கும் உரிமை எனக்கில்லை. அவர்கள் முன்கூட்டியே சொன்னார்கள், கணக்குச் சொன்னார்கள். சம்பளம் கொடுத்து ஆயிரக்கணக்கில் ஆள் வைத்திருக்கும் நிறுவனங்கள் இதே வாதத்தின் பின்னால் ஒளிந்துகொள்ளும்போதுதான் எரிச்சல் வருகிறது.

ஆகவே கேட்பவை சில. ஒவ்வொரு பெரிய பகிர்மானமும் ஓர் எண்ணை எழுதிவைக்கட்டும். 2 ஜிபியோ 3 ஜிபியோ, எதுவானாலும் சரி, இணையம் இல்லாமல் முழுதாக நிறுவக்கூடிய ஒரு பதிப்பு அதற்குள் இருக்கட்டும். தாண்ட வேண்டுமானால் பொதுவில் பேசித் தாண்டட்டும். முடியாத காரியமில்லை. ஒரு காலத்தில் 50 எம்பிக்குள் முழு மேசைச் சூழலைக் கொடுத்த டேம் ஸ்மால் லினக்ஸை ஜான் ஆண்ட்ரூஸ் 2024-இல் மீண்டும் கொண்டுவந்தார். இந்தக் காலத்து உலாவிகளை வைத்துக்கொண்டு 50 எம்பியில் முடியாது என்று ஒப்புக்கொண்டு, எல்லையை 700 எம்பி என்று வைத்தார். ஒரு குறுந்தகடு அளவு. அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

மைக்ரோசாஃப்ட் அந்த விம் கோப்பை வெட்டிவிட்டு ஐஎஸ்ஓவை வெளியிடட்டும்.

எல்லாருமே, தரவிறக்கப் பொத்தானுக்கு மேலே, கீழே ஏதோ ஒரு மூலையில் இல்லை, மேலே, மருந்து அட்டையில் போடுவதுபோல நான்கு வரி போடட்டும். இந்தக் கோப்பு இத்தனை ஜிபி. நிறுவும்போது இன்னும் இத்தனை ஜிபி இணையம் செலவாகும். நினைவகம் இவ்வளவு வேண்டும், இந்த வருடத்துக்கு முந்தைய கணினியில் கிளம்பாமல் போகலாம். உங்களுடையது அதைவிடப் பழையது என்றால் இதை இறக்காதீர்கள், இதோ அந்தப் பக்கம் போங்கள். இதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம். ஒருவர் அரை நாள் உட்கார்ந்து எழுத வேண்டும்.